சிங்க்வே தெர்ரேயில் ஒரே ஒரு இரவுச் சாப்பாடு: எங்கே உட்காரலாம்?

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லா ஸ்பேட்ஸியாவில் ரயில் ஏறினால் சுரங்கம், ஒரு கணம் கடல், மறுபடி சுரங்கம் என்று மாறி மாறி வரும். அந்த வெளிச்சக் கீற்றுகளில்தான் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களும் மலையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னீல்யா, வெர்னாட்ஸா, மொந்தெரோஸ்ஸோ. ஊருக்கு ஊர் ரயிலில் நாலைந்து நிமிஷம்தான். ஒரு ஊரில் தங்கி இன்னொரு ஊரில் போய்ச் சாப்பிடலாம். தேர்வு கடினமாவதே அதனால்தான். ஐந்து ஊர், ஊருக்குப் பத்துக் கடை, கையில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே ஒரு ராத்திரி.

வடக்கே தூரினில் வேலை பார்த்த நாலு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை இங்கே வந்திருக்கிறேன். ஒரு தடவை அம்மா அப்பாவோடு. அப்பாவுக்கு மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அம்மா சைவம், அதோடு மூட்டு வலி. இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துத் திருப்தியாக அனுப்ப வேண்டும் என்று யோசித்தபோதுதான், ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பலம், என்ன குறை என்று எனக்கே தெளிவாகப் பிடிபட்டது.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கடல் காட்சிக்காக ஓட்டலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காட்சி இங்கே இலவசம். மனரோலாவில் எதிர்ப்பக்கப் பாறை முனைக்கு ஐந்து நிமிஷம் நடந்தால் போதும், வெர்னாட்ஸாவில் அலைதடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்தால் போதும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போகலாம். காசு கொடுப்பது தட்டுக்கும் கோப்பைக்கும் என்று வைத்துக்கொண்டால் தேர்வு பாதியாகச் சுருங்கிவிடும்.

கோப்பை என்று சொல்லக் காரணம் உண்டு. கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலையைப் படிப்படியாக வெட்டி, சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் கல்மேல் கல்லடுக்கிச் சுவர் கட்டி, மண்ணைப் பிடித்து நிறுத்தித் திராட்சை போட்டிருக்கிறார்கள். உழவு இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை. பறித்ததை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் குட்டி வண்டி மட்டும் இருக்கிறது. இந்தச் சுவர்களுக்காகவும் ஊர்களுக்காகவும்தான் யுனெஸ்கோ 1997இல் இந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விளையும் வெள்ளை ஒயினுக்கு 'சிங்க்வே தெர்ரே' என்ற பெயரிலேயே 1973 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பொஸ்கோ என்ற உள்ளூர்த் திராட்சை இருக்க வேண்டும்; அல்பரோலாவும் வெர்மெந்தீனோவும் கூடச் சேரும். லேசான உப்புச் சாயலோடு, கனமில்லாமல் இருக்கும். இதே திராட்சைகளை நவம்பர் வரை நிழலில் உலர்த்திப் பிழிந்தால் வருவது ஷக்கெத்ரா, தேன் நிறத்து இனிப்பு ஒயின். சின்னக் கோப்பையில், சின்ன அளவில்தான் கொடுப்பார்கள். பிழிந்தால் கிடைப்பது கொஞ்சம் என்பதால் விலையும் அதிகம்.

இந்த ஒயினை விற்கும் ஓட்டல், அந்தச் சுவர்களை நிற்க வைக்கிறது. விவசாயிக்கு விலை கிடைக்காவிட்டால் சுவரை யார் செப்பனிடுவது? அதனால் ஒரு கடையின் வாசலில் நின்று நான் முதலில் பார்ப்பது ஒயின் பட்டியலைத்தான். குடிக்காதவர்களும் பார்க்கலாம். உள்ளூர் ஒயின் நாலைந்து வகை இருந்தால், அங்கே சமைப்பவருக்கும் உள்ளூர்ப் பொருள்மேல் அக்கறை இருக்கும் என்று நம்பலாம். டஸ்கனியின் கியாந்தியும் வடகிழக்கின் புரொசெக்கோவும் மட்டுமே இருந்தால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

சரி, கடைகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது வெர்னாட்ஸாவின் பெல்ஃபோர்த்தே. பழைய கோட்டையின் காவல் கோபுரத்துக்குள் இருக்கிறது. மேல்தள மேஜைகளுக்குக் கீழே நேராக அலை அடிக்கும். காட்சியும் சாப்பாடும் ஒரே இடத்தில் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இந்த ஐந்து ஊரிலும் இல்லை. கல்யாண நாள் போன்ற சந்தர்ப்பம் என்றால் நானே இங்கேதான் அனுப்புவேன். ஆனால் இரண்டு விஷயம். படிகள் குறுகல், செங்குத்து. அப்புறம், வெளி மேஜை கிடைக்காமல் உள்ளே உட்கார்ந்தால் நீங்கள் காசு கொடுத்ததில் பாதி கைக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். எனவே முன்பதிவு செய்யும்போதே வெளி மேஜை என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

வெர்னாட்ஸாவுக்கென்றே ஒரு பதார்த்தம் உண்டு, தெகாமே. நெத்திலி, உருளைக்கிழங்கு வில்லைகள், தக்காளி, மூலிகை, வெள்ளை ஒயின், ஆலிவ் எண்ணெய், எல்லாம் அடுக்கடுக்காக ஒரு தட்டில் வைத்து அடுப்பில் சுட்டெடுப்பது. இந்த ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

வெர்னாட்ஸா என்றதும் 2011 அக்டோபர் 25 நினைவுக்கு வராமல் போகாது. அன்று கொட்டிய மழையில் மலை சரிந்து, சேறும் கல்லும் தெருவை நிரப்பி, கடைகளின் கதவுகளை மூடிப் புதைத்தது. மொந்தெரோஸ்ஸோவுக்கும் அதே கதிதான். பராமரிப்பில்லாமல் கைவிடப்பட்ட படிநிலங்கள் சேதத்தை அதிகமாக்கின என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இன்று சதுக்கத்தில் வண்ணக் குடைகளுக்குக் கீழே உட்காரும்போது, அந்தச் சேற்றைக் கையால் வாரிக் கொட்டிவிட்டுத்தான் இவர்கள் மறுபடி அடுப்பு மூட்டினார்கள் என்பதை நினைத்துக்கொள்வேன். உள்ளூர் ஒயினை இவ்வளவு வற்புறுத்துவதற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது மனரோலாவின் த்ராத்தொரீயா தால் பில்லி. ஊரின் மேல்பக்கம், 1338இல் எழுந்த சான் லொரென்ட்ஸோ தேவாலயத்தையும் தாண்டிப் படியேறிப் போக வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், உண்மை. ஆனால் அந்த ஏற்றமே கூட்டத்தை வடிகட்டிவிடுகிறது. படகிலிருந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவர்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. இங்கே கேட்க வேண்டியது கடல் உணவு முன்பதார்த்தம். ஒரு தட்டு வரும் என்று நினைப்போம்; வருவதோ வரிசையாகக் குட்டிக் குட்டித் தட்டுகள். எலுமிச்சையில் ஊறிய நெத்திலி, உப்பிட்ட நெத்திலி, ஆக்டோபஸ், சிப்பி, இறால் என்று மேஜை நிறைந்துவிடும். இரண்டு பேருக்கு ஒன்று சொன்னால் தாராளம். அதன் பிறகு கணவாய் மையில் கறுப்பாக்கிய மெல்லிய நூடுல் போன்ற பாஸ்தா ஒரு தட்டு பகிர்ந்துகொண்டால் வயிறு நிறைந்துவிடும்.

நெத்திலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையின் உயிரே அதுதான். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கடலின் ரொட்டி' என்று சொல்வார்கள். நம்மூர் நெத்திலியைவிடப் பெரிது, சதைப்பற்று அதிகம். வெயில் காலத்து இரவுகளில் படகில் விளக்கு வைத்து மீனைக் கூட்டி வலை போடுவார்கள். பிடித்த உடனே தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, ஜாடியில் மீன் ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை என்று அடுக்கி, மேலே பாரம் வைத்துவிடுவார்கள். சில வாரங்களில் சதை சிவந்து கெட்டிப்படும். சாப்பிடும்போது உப்பைக் கழுவி, முள்ளை உரித்து, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் ஓரெகானோவும் சேர்த்து, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு வைப்பார்கள். அப்பா முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவாடு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த உப்பின் ஆழம் சட்டென்று புரிந்துவிடுகிறது. டின்னில் அடைத்து வரும் கறுத்த நெத்திலியை மனதில் வைத்துக்கொண்டு இதை ஒதுக்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த நெத்திலிக்குப் பெயர்போன ஊர் மொந்தெரோஸ்ஸோ. ஐந்தில் பெரியது, சமதளமானது, மணற்கடற்கரை உள்ளது. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் வேறு யோசிக்காமல் இங்கே வந்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலே கடற்கரைச் சாலைதான். அதிலேயே கொஞ்ச தூரம் நடந்தால் மிக்கி. ஒரு குடும்பம் நடத்தும் இடம். பரிமாறுவதில் ஒழுங்கு, தட்டு அலங்காரத்தில் அக்கறை, விலையும் அதற்கேற்ற உயரம். அதே குடும்பத்தின் கந்தீனா தி மிக்கி கொஞ்சம் எளிமையான இடம், சட்டை மாற்றாமல் போகலாம். பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் இடையில் பாறையை ஒட்டி லாங்கோரா தெல்லா தொர்த்தூகா இருக்கிறது. கடல் காற்று முகத்தில் அடிக்கச் சாப்பிட விரும்பினால் அது. மிக்கியில் சமையல் நுட்பம் கூடுதல், தொர்த்தூகாவில் இடம் கூடுதல் அழகு. எனக்கு ஒன்றுதான் என்றால் மிக்கி.

பழைய ஊருக்குள் எனோதேக்கா இன்டர்நாட்ஸியோனாலே என்ற ஒயின் கடை உண்டு. முழுச் சாப்பாட்டு இடமில்லை; சுட்ட ரொட்டியில் நெத்திலி, தக்காளி, பெஸ்தோ என்ற பச்சிலைத் துவையல் என்று வைத்துத் தருவார்கள், கூடவே பக்கத்து மலையின் ஒயின்களைக் கோப்பைக் கணக்கில் சுவைக்கலாம். ஷக்கெத்ராவை முழு பாட்டில் வாங்கத் தயங்குபவர்கள் இப்படி ஒரு கோப்பையில் ஆரம்பிப்பது நல்லது.

நெஸ்ஸுன் தொர்மாவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மனரோலாவின் எதிர்முனையில், ஊர் முழுவதும் படம்போலத் தெரியும் மொட்டைமாடி. படங்களில் பார்த்துவிட்டு இரவு விருந்துக்கு அங்கே போகத் திட்டமிடுகிறார்கள். அங்கே பாஸ்தா கிடையாது, சூடான சமையல் கிடையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பெஸ்தோ, குளிர்ந்த பானம், இவ்வளவுதான். மத்தியானமோ சாயங்காலமோ போகிற இடமாக நினைத்தால் அருமை. பெஸ்தோ அரைக்கக் கற்றுத்தரும் வகுப்பும் நடத்துகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றாக நினைத்தால் பசியோடுதான் இறங்கி வருவீர்கள். கூட்டம் கடுமையாக இருக்கும், காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

கோர்னீல்யாவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். துறைமுகம் கிடையாது, கடலுக்கு நூறு மீட்டர் மேலே குன்றின் முதுகில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஏற லார்தரீனா என்ற நீளமான படிவரிசை, முந்நூற்றுக்கும் மேல் படிகள். முடியாதவர்களுக்குச் சின்ன பஸ் ஓடுகிறது. ஆனால் ஐந்தில் விவசாய ஊர் என்று சொல்லத்தக்கது இதுதான். ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் திராட்சை. அங்கே ஆ கந்தீனா தெ மனனான், கல் சுவர்களுக்குள் மேஜைகள் குறைவான ஒரு சின்ன இடம். கடல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வெளியே குளிர் காற்று வீசும் ஏப்ரல் இரவில் உள்ளே உட்கார்ந்து ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டு, தெருவின் கடைசியில் இருக்கும் சாந்தா மரீயா திட்டில் போய் இருட்டில் கடலைக் கேட்டுவிட்டு வருவது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. கூட்டமும் கேமராவும் அலுத்துப்போனவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை.

ரியோமஜ்ஜோரேயை ஒரே வரியில் முடிக்கலாம்: கொலொம்போ தெருவில் காகிதக் கூம்பில் பொரித்த மீனும் கணவாயும் வாங்கிக்கொண்டு துறைமுகப் பாறைக்கு இறங்கிவிடுங்கள், மத்தியானத்துக்கு அது போதும்.

சைவக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை சில. இந்தக் கரை இருக்கும் லிகூரியா மாநிலம் உண்மையில் பச்சிலைச் சமையல் பூமி. பெஸ்தோ இங்கே பிறந்ததுதான்: திருநீற்றுப்பச்சிலை வகையான பசில் இலை, பூண்டு, பைன் விதை, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய், இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, எல்லாவற்றையும் பளிங்கு உரலில் மரக் குழவியால் அரைப்பது. அடுப்பில் வைக்கவே கூடாது. பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் சேர்த்து வேகவைத்து அதில் கலப்பதுதான் பழைய முறை. பட்டியலில் அப்படி இருந்தால் எடுங்கள். காட்டுக் கீரை அடைத்த பான்ஸோத்தி, மேலே வால்நட் அரைத்த வெள்ளைக் குழம்பு, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்துச் சுடும் ஃபரினாத்தா முழுச் சைவம், பாலும் இல்லை. ஆனால் பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையூற்றியால்தான் உறைய வைக்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் பெஸ்தோவையும் தவிர்க்க வேண்டியிருக்கும். நெத்திலி சில சாலட்களிலும் காய்கறிப் பொரியல்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். "சென்ஸா அச்சூகே", அதாவது நெத்திலி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், மதித்துச் செய்வார்கள்.

பணத்தைப் பற்றி. முதல் தடவை வந்தபோது துறைமுகம் ஒன்றை ஒட்டிய ஒரு கடையில் முழு மீன் சொன்னேன். பட்டியலில் போட்டிருந்த விலை ஒரு 'எத்தோ'வுக்கு, அதாவது நூறு கிராமுக்கு. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, மீனை மேஜைக்குக் கொண்டுவந்து காட்டவும் இல்லை. எட்டு யூரோ என்று போட்டிருந்தால் அறுநூறு கிராம் மீன் 48 யூரோ ஆகிவிடும் என்று பில் வந்தபோதுதான் தெரிந்தது. நல்ல கடையில் சமைக்கும் முன்பே மீனைக் காட்டி எடையும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த பொருள் என்று அர்த்தம். கடலைப் பார்த்துக்கொண்டு உறைந்த இறால் எதற்கு? அந்த இடத்தில் சிப்பி கேளுங்கள். லா ஸ்பேட்ஸியா வளைகுடாவிலேயே வளர்க்கிறார்கள். இத்தாலியில் பொதுவாகக் 'கொட்ஸே' என்பதை இங்கே 'முஸ்கோலி' என்பார்கள், அந்தப் பெயரில் தேடுங்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்குச் சில யூரோ இருக்கும்; அது ரொட்டிக்கும் மேஜைக்குமான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை.

ஆக, என்னிடம் கேட்டால் இப்படிப் பிரித்துச் சொல்வேன். கால் நன்றாக இருக்கிறது, மீன் பிடிக்கும், ஒரே இரவு என்றால் தால் பில்லி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நெத்திலியின் எல்லா முகத்தையும் ஒரே மேஜையில் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியாது, மேலே படிநிலங்களில் விளைந்த ஒயினும் அங்கேயே கிடைக்கும். பெரியவர்கள் கூட வந்தால் மொந்தெரோஸ்ஸோவில் மிக்கி. கொஞ்சம் சிக்கனமாக வேண்டுமானால் அவர்களுடைய கந்தீனா. இரண்டு பேர் மட்டும், விசேஷ நாள், வெளி மேஜை உறுதி என்றால் பெல்ஃபோர்த்தே. ஏப்ரலிலோ அக்டோபரிலோ அமைதி தேடி வந்தால் கோர்னீல்யா. குடும்பத்தில் பாதிப்பேர் சைவம் என்றால் மத்தியானம் நெஸ்ஸுன் தொர்மாவில் பெஸ்தோவும் ரொட்டியும், இரவு மொந்தெரோஸ்ஸோ; நாங்கள் செய்தது அதைத்தான். அன்று அப்பா தட்டில் நெத்திலி, அம்மா தட்டில் பான்ஸோத்தி, நடுவில் மொந்தெரோஸ்ஸோ எலுமிச்சையில் பிழிந்த சாறு ஒரு ஜாடி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லா இடத்துக்கும் முன்பதிவு வேண்டும். நவம்பர் பிறந்தால் பாதிக் கடைகள் வசந்தம் வரை மூடிவிடும். இரவு உணவு ஏழு ஏழரைக்கு முன்னால் கிடைக்காது, அவசரப்படாதீர்கள். பகல் பொழுது மிச்சமிருந்தால் மனரோலாவுக்கு மேலே க்ரோப்போவில் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் நிலவறைக்கு ஒரு தடவை ஏறிப் போய்வாருங்கள், ஊரிலிருந்து சின்ன பஸ் உண்டு. ராத்திரி மேஜையில் ஊற்றப்போகும் ஒயினின் சுவரை அந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம். வேறு ஊரில் தங்கியிருந்தால், உட்காரும் முன்பே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் பலகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஷக்கெத்ராவை அவசரமாகக் குடிக்க முடியாது.